எலும்புக்கூடும் பேயும்: காரைக்கால் அம்மையார் வடிவத்தை முன்வைத்து

காரைக்கால் அம்மையாரின் திருவுருவத்தை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு சொற்களில் ஒன்றைக் கையாள்கின்றனர். ஒன்று எலும்புக்கூடு, மற்றொன்று பேய். சிலர் இரண்டையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதுவதும் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்கெலிட்டன், கோஸ்ட் என்று படித்துவிட்டு அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. அம்மையார் 'ஆவி வடிவம்' பெற்றார் என்று எழுதினால், அவர் இறந்துபோனார் என்ற பொருள் தானாகவே வந்து சேர்ந்துவிடும். 'எலும்புக்கூடாக மாறினார்' என்றாலும் அதே நிலைதான். சேக்கிழார் சொல்லும் வரலாற்றிலோ அவர் அந்த வடிவத்தைப் பெறும்போது உயிரோடு இருக்கிறார். இது சிறிய வேறுபாடு அன்று. அந்த வரலாற்றின் பொருளே இதில்தான் அடங்கியிருக்கிறது.

பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் புனிதவதியாரின் கதை பலரும் அறிந்ததே. கணவன் பரமதத்தன் மாங்கனி நிகழ்ச்சியால் அஞ்சி, கடல் வணிகம் செல்வதாகச் சொல்லிப் பிரிந்து, பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணை மணந்துகொள்கிறான். மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே இடுகிறான். பின்னர் புனிதவதியாரை நேரில் கண்டபோது, மனைவி மகளோடு அவர் காலில் விழுகிறான். அப்போதுதான் அவர், கணவனுக்காகச் சுமந்திருந்த தசைப்பொதியைக் கழித்து, இறைவனின் திருவடியைச் சூழ்ந்து போற்றும் பேய்வடிவத்தைத் தருமாறு வேண்டுகிறார். அவர் உதறியது தசையையும் அதன் அழகையுமே அன்றி உயிரை அன்று. அதன் பிறகு அந்த வடிவத்தோடு தலையால் நடந்து கயிலை செல்கிறார். 'அம்மை' என்று இறைவனால் அழைக்கப்படுகிறார். திருவாலங்காட்டில் ஆடலைக் கண்டு பாடுகிறார். இறந்தவர் ஒருவரின் கதை இப்படி நீளாது.

கூடும் உடம்பும்

சேக்கிழார் இந்த இடத்தில் ஆளும் சொல் 'எற்புடம்பு'. என்பு என்றால் எலும்பு. என்பு, உடம்பு இரண்டும் சேர்ந்து எற்புடம்பு ஆயிற்று. எலும்பு என்பதோடு 'உடம்பு' என்ற சொல்லை அவர் சேர்த்திருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன்றைய எலும்புக்கூடு என்ற சொல்லில் உடம்பு இல்லை, கூடு இருக்கிறது.

கூடு என்ற சொல்லுக்குத் தமிழில் தனி வரலாறு உண்டு. உடலைக் கூடாகவும் உயிரைப் பறவையாகவும் காண்பது பழைய வழக்கம். 'கூடு விட்டுக் கூடு பாய்தல்' என்ற தொடரும் அதிலிருந்து வந்ததே. 338ஆம் குறள் உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சொல்ல, குடம்பையைத் தனியே விட்டுப் பறந்துபோன பறவையைக் காட்டுகிறது. குடம்பை என்பதற்குக் கூடு என்று பொருள் கொள்வோரைப் பரிமேலழகர் ஏற்கவில்லை. முட்டை என்றே உரை எழுதுகிறார். கூட்டுக்குப் பறவை மீண்டும் வரும், உடம்புக்கு உயிர் திரும்பாது என்பது அவர் காட்டும் காரணங்களில் ஒன்று. உரையாசிரியரின் இந்தக் கண்டிப்பு சுவையானது. ஆயினும் மக்கள் வழக்கில் நிலைத்தது கூடுதான். எலும்புக்கூடு என்று சொல்லும்போது உள்ளே இருந்த ஒன்று போய்விட்டது, கூடு மட்டும் கிடக்கிறது என்ற பொருள் உடன் வருகிறது. பள்ளி ஆய்வகத்தில் தொங்கும் 206 எலும்புகளின் கோவைக்கு அந்தச் சொல் மிகப் பொருத்தம். அம்மையாருக்குப் பொருந்தாது.

அன்பில்லாதவரின் உடலை, எலும்பின்மேல் தோல் போர்த்தியது என்று 80ஆம் குறள் இகழ்கிறது. உயிர்நிலை என்பது அன்பின் வழிப்பட்டது, அது இல்லையேல் வெறும் எலும்பும் தோலும்தான் என்பது அங்குள்ள கருத்து. அம்மையாரின் கதை இதையே தலைகீழாக்குகிறது. எலும்பும் தோலுமாகிய உடம்பு, அன்பு மட்டும் குறையவில்லை. வள்ளுவர் இகழ்ச்சியாக வைத்த உருவத்தைச் சேக்கிழார் வணக்கத்துக்குரியதாக வைக்கிறார். இதை உணர்ந்து படித்தால் எற்புடம்பு என்ற சொல்லின் எடை தெரியும்.

ஸ்கெலிட்டன் என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு 'உலர்ந்தது' என்று பொருள். மூலப்பொருளை மட்டும் பார்த்தால், தமிழ் எலும்புக்கூட்டைவிட அது அம்மையாரின் வடிவத்துக்குச் சற்று நெருக்கமாகவே இருக்கிறது. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்கும் எவருக்கும் உலர்ந்த உடல் நினைவுக்கு வருவதில்லை.

பழந்தமிழ்ப் பேய்

இனி, பேய். தொல்காப்பிய உரியியல் 'பே' என்ற சொல்லுக்கு அச்சம் என்று பொருள் கூறுகிறது. இந்தச் சொல்லில் சாவு இல்லை, அச்சம்தான் உண்டு. திருமுருகாற்றுப்படையில் வரும் பேய்மகள் உலர்ந்த மயிரும் பிறழ்ந்த பல்லும் பெரிய வாயும் சுழலும் விழியும் உடையவள். பிணத்தின் கண்ணைத் தோண்டித் தின்று துணங்கை ஆடுகிறாள். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களுக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார். கையும் காலும் முளைத்த பனங்காடு போன்ற உடல்கள். கவிழ்த்த மரக்கலத்தின் புறம் போல உலர்ந்த முதுகுகள். பாம்பும் உடும்பும் புகுந்து உறங்கும் தொப்புள். இவற்றுக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது பசி. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைத்து உண்கின்றன. இந்தப் பேய்கள் எவரும் இறந்து ஆனவை அல்ல. உடலும் வயிறும் உடைய தனி இனமாகவே இவை காட்டப்படுகின்றன.

இதற்கு மறுக்கமுடியாத சான்று மணிமேகலையில் உள்ளது. சக்கரவாளக் கோட்டத்தில் சார்ங்கலன் என்னும் அந்தணச் சிறுவன், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு அஞ்சி ஓடி, தாய்முன் உயிர்விடுகிறான். தாய் கோதமை, பேய் தன் மகனைக் கொன்றதாகச் சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். பேய் உயிரை உண்பதில்லை, ஊழ்வினையால் போன உயிர் வேறு பிறப்புக்குச் செல்லும் என்பது தெய்வத்தின் விடை. இந்த ஒரு காட்சியில் பிணம், தலையோடு, பேய், உயிர் என நான்கும் தனித்தனியே நிற்கின்றன. பேய்க்குப் பிணம் உணவு. இறந்தவனின் உயிர் பேயாகவில்லை. அதற்குப் போகும் இடம் வேறு.

அகால மரணம் அடைந்தவர் பேயாய் அலைவர் என்ற நம்பிக்கை நாட்டார் கதைகளிலும் இன்றைய பேச்சிலும் வலுவாக உண்டு. திரைப்படம் அதை மேலும் பரப்பிவிட்டது. அந்தப் பொருள் தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. அதைக் கொண்டுபோய் இந்த நூல்களில் ஏற்றுவதுதான் பிழை.

மிகுதியும் இன்மையும்

கோஸ்ட் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் உயிர், ஆன்மா என்பதைக் குறித்தது. செர்மானிய மொழியின் கைஸ்ட் அதன் உறவுச் சொல். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'ஹோலி கோஸ்ட்' என்று இருப்பது தமிழில் பரிசுத்த ஆவி என்று ஆனது. அதைப் பரிசுத்தப் பேய் என்று எந்தத் தமிழரும் மொழிபெயர்த்திருக்க முடியாது. லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவைச் சீடர்கள் ஆவி என்று எண்ணிக் கலங்கும்போது, ஆவிக்குத் தசையும் எலும்பும் இல்லை, தம்மைத் தொட்டுப் பார்க்கலாம் என்கிறார் அவர். எலும்பு இல்லாதது ஆவி. எலும்பு துருத்திக்கொண்டு நிற்பது பழந்தமிழ்ப் பேய். எனவே கோஸ்ட் என்பதற்கு இணை ஆவியே.

சொற்சேர்க்கைகளைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். பேய்மழை, பேய்க்காற்று என்றால் அளவு கடந்து பெய்வதும் வீசுவதும். பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்க்குமட்டி ஆகியவை மனிதர் வளர்க்காமல் காட்டில் கசந்து விளைபவை. பக்தியில் தன்னை மறந்தவர் பேயாழ்வார். இவற்றில் எதிலும் செத்தவர் இல்லை. அடங்காமையும் மிகுதியும்தான் உண்டு. ஆங்கிலத்தில் கோஸ்ட் டவுன் என்றால் ஆளில்லாத ஊர். கோஸ்ட் ரைட்டர் என்றால் பெயர் வெளியே தெரியாத எழுத்தாளர். அங்கே அந்தச் சொல் இன்மையைக் குறிக்கிறது. தமிழில் விதிவிலக்காகச் சொல்லத்தக்கது பேய்த்தேர். கானல்நீருக்குப் பழைய பெயர் அது. இல்லாத நீரைக் காட்டுவதால் அது மட்டும் கோஸ்ட் பக்கம் சாய்கிறது.

ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை உணர்ந்தே இருக்கிறார்கள். எலைன் கிராடாக் 2010இல் அம்மையார் பற்றி வெளியிட்ட நூலின் தலைப்பில் டீமன் என்ற சொல்லைத் தேர்ந்தார். கோஸ்ட் என்பதைவிட இது மேல், உடல் இருக்கிறது. எனினும் தீமையின் சாயல் ஒட்டிக்கொள்கிறது. பிணம் தின்னும் கூல் என்ற அரபுவழிச் சொல்லும் சிலர் கையாள்வதே. அதில் பசி சரியாக வருகிறது. பாட்டும் ஆட்டமும் வரவில்லை. மொழிபெயர்க்காமல் பேய் என்றே விட்டு அடிக்குறிப்பு எழுதுவது நேர்மையான வழி.

அம்மையார் காட்டும் பேய்

இத்தனைக்கும் சான்று அம்மையாரின் பாடல்களிலேயே இருக்கிறது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்தில் ஒரு பெண்பேயின் உருவம் வருகிறது. வற்றிய மார்பு, எழுந்து நிற்கும் நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த மயிர், நீண்ட கணைக்கால். ஒவ்வோர் உறுப்பும் எண்ணிச் சொல்லப்படுகிறது. இன்னொரு பாடலில் ஒரு தாய்ப்பேய் வருகிறது. நிணத்தை விழுங்கி, வெண்தலை மாலையைத் தன் பிள்ளைக்குப் பூட்டி, காளி என்று பெயரிட்டுச் சீராக வளர்க்கிறது. புழுதி துடைத்துப் பால் கொடுத்துவிட்டு எங்கோ போய்விடுகிறது. தாய் வரக் காணாமல் அந்தப் பிள்ளை அழுது அழுது தூங்கிப்போகிறது. அந்தச் சுடுகாட்டில்தான் இறைவன் ஆடுகிறான்.

இந்தப் பாடலை 'கோஸ்ட்' என்று மொழிபெயர்த்துப் படித்தால் பால் கொடுக்கும் இடத்தில் பொருள் உடைந்துபோகும். ஆவி பிள்ளை பெறாது, புழுதி துடைக்காது. எலும்புக்கூடு என்பதற்கு இங்கே தனி இடம் உண்டு. குழந்தையின் கழுத்தில் கிடக்கும் வெண்தலைகளே அது. கூடு மாலையாகக் கிடக்க, பேய் தாயாக நடமாடுகிறது. தமிழில் தாய்மையை இவ்வளவு அருவருப்பான சூழலில் வைத்து இவ்வளவு பரிவோடு சொன்ன பாடல் வேறு கிடைப்பது அரிது. பாடநூல்கள் மாங்கனிக் கதையோடு நின்றுவிடாமல் இதையும் சேர்த்திருக்கலாம்.

பதிகத்தை முடிக்கும்போது அம்மையார் தம்மைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். தாம் வருணித்த அந்தக் கூட்டத்துக்குள் தாமும் ஒருவராக அமர்கிறார். அச்சம் தரும் பெயரை ஒரு பெண் தானே எடுத்துச் சூடிக்கொள்வது அது. பிறர் இட்ட வசை அன்று.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்மையாரின் செப்புத் திருமேனியைப் பார்ப்பவருக்கு, சிற்பி இந்தச் சொற்களின் வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தது தெரியும். மெலிந்த கைகால், வற்றித் தொங்கும் மார்பு என உடல் உலர்ந்திருக்கிறது. ஆனால் அதன்மேல் தோல் இருக்கிறது, முகம் இருக்கிறது, இரண்டு கைகளிலும் தாளம் இருக்கிறது.