செம்பியன் மாதேவி: மூன்று பட்டங்களும் ஒரு தீர்ப்பும்

சோழ அரசி செம்பியன் மாதேவியை நம்மில் பலருக்கு ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் அறிமுகம் செய்தவர் கல்கி. வெண்ணிற ஆடை, திருநீறு, கணவர் காட்டிய சிவநெறி, மகன் அரியணைக்கு ஆசைப்படக் கூடாது என்ற பிடிவாதம் என்று நாவல் தீட்டிய உருவத்துக்குப் பிறகு திரையில் ஜெயசித்ராவின் முகமும் கிடைத்தது. தஞ்சைப் பக்கத்து அரசியின் கதை சென்னைப் புறநகர் அயனம்பாக்கத்தில் இருக்கும் நமக்கு எதற்கு என்று கேட்டால் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. அம்பத்தூரைத் தாண்டிய திருமுல்லைவாயிலில், மாசிலாமணீசுவரர் கோயிலின் உத்தம சோழன் காலக் கல்வெட்டு ஒன்று, இந்த அரசி அம்பத்தூராரிடம் நிலத்தை விலைக்கு வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது.

அவருக்கு நாம் சூட்டியிருக்கும் பட்டங்கள் மூன்று: அரசியலைத் துறந்த பக்தை, கற்றளிகள் எடுத்த புரவலர், சோழக் கலைக்குப் புது வடிவம் தந்தவர். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே எடை நிற்பதில்லை.

முதலில் காலம். மழவர் குலத்தில் பிறந்து, முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்தனை மணந்தவர். 941-இல் திருச்சிக்கு அருகே உய்யக்கொண்டான் திருமலையில் நந்தா விளக்குக்குக் கொடை அளித்தவராகத் தெரிகிறார். 1001-இலும், இராசராசன் ஆட்சியில், அவர் பெயர் கல்வெட்டில் வருகிறது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் தக்கோலப் போர்த் தோல்வி, கணவரின் மறைவு, இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை, மகன் உத்தம சோழனின் முடிசூட்டு, இராசராசனின் எழுச்சி எல்லாம் நடந்துவிட்டன. அரியணையில் ஆள் மாறிக்கொண்டே இருக்க, கொடை கொடுத்த கை மட்டும் மாறவில்லை.

புரவலர் என்ற பட்டத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை. கோனேரிராசபுரம் என்று இன்று வழங்கும் திருநல்லம், ஆடுதுறை, குத்தாலம், விருத்தாசலம், திருக்கோடிகாவல், திருவாரூர் அறநெறி, திருவக்கரை என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பல, தேவாரம் பாடிய மூவர் காலத்திலேயே பேர்பெற்று, பின்னர் செங்கல் தளியாக நின்றவை. பழைய தளியைப் பிரித்துக் கல்லில் எடுப்பது புண்ணியம்தான். ஆனால் அதில் ஓர் இழப்பும் உண்டு. முன்பிருந்தது எப்படி இருந்தது என்பது அத்தோடு போய்விடும். மாதேவியாரின் பணியை மற்றவர்களின் திருப்பணியிலிருந்து பிரித்துக் காட்டுவது திருக்கோடிகாவல். அங்கே பழைய கற்களில் சிதறிக் கிடந்த சாசனங்களைப் படியெடுத்து, புதுச் சுவரில் மறுபடி வெட்ட வைத்தார். பழங்கற்படி என்று அவற்றில் குறிப்பும் உண்டு. யாரோ எப்போதோ கொடுத்த விளக்குக்கும் நெய்க்கும் கணக்கு அழியக் கூடாது என்ற எண்ணம் அது. குடமுழுக்கு என்ற பெயரில் கல்வெட்டின் மேல் மணல்வீச்சு அடிக்கும் வழக்கத்தைக் கண்டவர்களுக்கு அதன் அருமை புரியும்.

கலை வடிவம் என்ற பட்டத்தில்தான் நிதானம் வேண்டும். கூத்தப் பெருமானை முதலில் வடித்தது அவர் காலத்தில் என்று சொல்வோர் உண்டு. அது தவறு, பல்லவர் காலச் சீயமங்கலத்திலேயே ஆடும் சிவன் இருக்கிறார். கோயிலின் புறச்சுவர் மாடத்தில் நடராசருக்கு நிலையான இடம் அமைந்தது இந்த அரசியின் கோயில்களில் என்பதே சரி. மாடங்களின் எண்ணிக்கை கூடியது, அகத்தியர், பிள்ளையார், பிச்சாடனர் என்று வரிசை நிலைபெற்றது என்பதும் உண்மை. பின்வந்த சோழக் கோயில்களுக்கு அது இலக்கணமே ஆயிற்று.

இலக்கணம் வந்ததும் கொஞ்சம் உயிர் குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு முந்திய கும்பகோணம் நாகேசுவரன் கோயில் சுவரில் நிற்கும் பெண்களைப் பாருங்கள்: மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவர்களைப் போல, ஒவ்வொரு முகமும் ஒரு தனி ஆள். மாதேவியார் கோயில்களின் மாட உருவங்கள் ஒழுங்கானவை, ஒல்லியானவை, ஒன்றை ஒன்று ஒத்தவை. நாலைந்து கோயில் தொடர்ந்து பார்த்தால் அடுத்த மாடத்தில் யார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். கல்லில் குறைந்த அந்த நெகிழ்வு செம்பில் குறையவில்லை. இந்தத் தலைமுறையின் செப்புத் திருமேனிகள் சோழக் கலையின் உச்சத்தைச் சேர்ந்தவை.

பெருமை யாருக்கு என்ற கேள்வியும் உண்டு. திருநல்லத்தின் தென்சுவரில் கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் சிறு புடைச்சிற்பம் இருக்கிறது. கீழே, அவர் பெயரால் மாதேவியார் கற்றளி எடுத்த செய்தி. அதே கோயிலில் அதைக் கட்டியவருக்கும் ஒரு சிற்பம் உண்டு: ஆலத்தூர்ச் சாத்தன் குணபட்டன் என்ற அரசரண சேகரன். ராசகேசரி மூவேந்த வேளான் என்ற பட்டமும் பெற்றவர். பணம் கொடுத்தவர் பெயர் நிற்பதும் கட்டியவர் பெயர் மறைவதும் உலக வழக்கமாயிருக்க, கட்டியவரையும் சுவரில் நிறுத்திய கோயில் இது. பிரான்சில் மரீ த மெதிசி என்ற விதவை அரசி, ஓவியர் ரூபென்சைக் கொண்டு 1620-களில் 24 பெரிய ஓவியங்கள் தீட்டச் செய்தார். பெரும்பாலும் அவருடைய வாழ்க்கையே பொருள். மாதேவியார் சுவரில் கணவரும் கட்டியவரும் இருக்கிறார்கள்.

அதற்காக அவரைத் தன்னை மறைத்துக்கொண்டவர் என்று முடிவு கட்டினால் தவறு. நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயராலேயே ஊர் உண்டு. அங்குள்ள கோயிலில் அவர் பிறந்த சித்திரைக் கேட்டையைக் கொண்டாட மருமகள்கள் நிவந்தம் வைத்தார்கள். உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்தவர் என்றே கல்வெட்டுகள் அவரைச் சொல்கின்றன. வாரிசுரிமை சர்ச்சையாகியிருந்த குடும்பத்தில், மகனின் உரிமையைக் கோயில்தோறும் வெட்டி வைப்பது வெறும் அடைமொழி அல்ல. அம்பத்தூர் நிலத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 949-இல் அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் சோழர் தோற்று, தொண்டைமண்டலம் இராட்டிரகூடர் கைக்குப் போயிருந்தது. மீட்ட மண்ணில் சோழ அரசனின் தாய் விலை கொடுத்து நிலம் வாங்கிக் கோயிலுக்கு எழுதிவைத்தால், இங்கே ஆள்வது யார் என்பதைப் படை இல்லாமலே ஊரார் அறிந்துகொள்வார்கள். பக்தி பொய் என்று சொல்லவில்லை. பக்தியும் ஆட்சியும் அவரிடம் ஒரே கையால் நடந்தன என்கிறேன்.

வாஷிங்டன் பிரீயர் காட்சிக்கூடத்தில் இருக்கும் செப்புத் திருமேனியை அவருடைய உருவம் என்று காட்டுவதும் உண்டு. அதில் பெயர் இல்லை. உமை என்று கொள்வாரும் உளர். தீர்ப்புக்கு அதைச் சான்றாக எடுக்க முடியாது.

ஆக, துறவி என்ற பட்டத்தைக் கல்கிக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். கலைப் புதுமையாளர் என்ற பட்டத்தில் பாதியைச் சாத்தன் குணபட்டனுக்கும் பெயர் தெரியாத தச்சர்களுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். புரவலர் என்ற பட்டம் முழுக்க அவருடையது. தென்னாட்டில் அதற்கு அவரளவு உரிமை கொண்டாட எந்த மன்னருக்கும் எளிதில் வாய்க்காது. இராசராசன் ஒரு பெருங்கோயிலால் நினைக்கப்படுகிறான். அந்தக் கோயிலை எழுப்பத் தேர்ந்த கைகளும் பழகிய முறையும் அவன் முடிசூடும் முன்பே சோழ நாட்டில் தயாராக இருந்தன என்றால், அதில் பெரும்பங்கு பாட்டி முறையான இந்த அரசிக்கு உரியது.