பனிக்காலப் பறவைச் செய்தி – ஒரு விமரிசனம்

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் நம் நாளிதழ்களில் தவறாமல் ஒரு செய்தி வெளியாகிறது. நீங்களும் அதைப் பலமுறை படித்திருப்பீர்கள். சைபீரியா, ஆஸ்திரேலியா போன்ற தொலைதூர இடங்களிலிருந்து ஆயிரமாயிரம் வெளிநாட்டுப் பறவைகள் இனப்பெருக்கம் செய்வதற்காக நம் ஏரிகளில் வந்து குவிந்துள்ளன என்பது அதன் சாரம். பக்கத்தில் ஒரு கூழைக்கடா அல்லது மஞ்சள் மூக்கு நாரையின் படம் இருக்கும்.

நூல்களை விமரிசிக்கிறோம். இந்தச் செய்தியையும் ஏன் விமரிசிக்கக்கூடாது? பறவைகளைப் பற்றிய எந்த நூலையும்விட இதைப் படிப்பவர்களே மிகுதி. அத்துடன் இதற்கு ஒரு நன்மையும் உண்டு. பறவைகளைத் திரும்பிப் பார்க்காத பலரை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வது இச்செய்திதான். ஆனால் அங்கே சென்றவர் எதைப் பார்க்கிறோம் என்று அறியாமலே திரும்பிவிடும்படியும் இதுவே செய்துவிடுகிறது.

இரண்டு கூட்டங்கள்

முதலில் வேடந்தாங்கலுக்குச் செல்வோம். நீரில் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா, கூழைக்கடா ஆகியவை கூடு கட்டியிருப்பதைக் காணலாம். இவை நம் நாட்டுப் பறவைகளே. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகளும் வயல்களும் நிரம்பும்போது மீன், தவளை, நத்தை ஆகியவை பெருகுகின்றன. குஞ்சுகளுக்கு வேண்டிய உணவு அப்போது தட்டின்றிக் கிடைக்கும். அதனால்தான் அவை அக்காலத்தில் அங்கே கூடுகின்றன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வூர் மக்கள் இப்பறவைகளைக் காக்கும்படி செங்கல்பட்டுக் கலெக்டரிடம் ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு வாருங்கள். கடல் நீர் வற்றும் வேளையில் சேற்றுத் திட்டுகள் வெளிப்படுகின்றன. அவற்றின்மேல் சிறிய பழுப்புநிறப் பறவைகள் ஓடி ஓடிக் கொத்துகின்றன. கொசு உள்ளான், பவளக்கால் உள்ளான், பச்சைக்கால் உள்ளான், உப்புக்கொத்தி என்று பல வகைகள் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பில் ஊசிவால் வாத்தையும் கருவால் மூக்கனையும் காணலாம். வடக்கிலிருந்து வருபவை இவைதான். சிட்டுக்குருவி அளவே எடையுள்ள கொசு உள்ளான், வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற சமவெளியில் பிறந்தது. நீங்கள் எவ்வளவு தேடினாலும் இங்கே அதன் கூட்டைக் காணமாட்டீர்கள். உண்பதற்காகவே அது இங்கு வருகிறது.

ஆக, இங்கே மரங்களில் கூடு கட்டி முட்டையிடுபவை வெளிநாட்டவை அல்ல. வெளிநாட்டிலிருந்து வருபவை இங்கே முட்டையிடுவதில்லை. செய்தியோ இவ்விரு கூட்டங்களையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பழவேற்காட்டிலோ கோடியக்கரையிலோ வளைமூக்கு உள்ளானைக் கவனித்துப் பாருங்கள். பனிக்காலம் முழுவதும் சாம்பல் நிறமாயிருந்த பறவை, புறப்படும் தறுவாயில் செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். அது அங்கே நடக்கவிருக்கும் திருமணத்துக்கு இங்கேயே உடுத்திக்கொள்ளும் ஆடை!

ஆஸ்திரேலியா எப்படி வந்தது?

இக்கேள்விக்கு ஒரு பள்ளி மாணவனே விடை கூறலாம். ஆஸ்திரேலியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளது. டிசம்பரில் அங்கே கோடைக்காலம். குளிருக்குத் தப்பி அங்கிருந்து ஒரு பறவை இங்கு வர வேண்டிய அவசியம் என்ன? நம் ஏரிகளில் காணும் கூழைக்கடா தெற்காசியாவுக்கு உரியது; ஆஸ்திரேலியக் கூழைக்கடா வேறு இனம். பூநாரைகள் ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வாழ்வதே இல்லை. அவை பெருங்கூட்டமாக முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் ரண்.

இவ்விஷயத்தில் சத்திமுத்தப் புலவர் நம் செய்தியாளர்களைவிடத் துல்லியமானவர் எனலாம். அவருடைய பாட்டில் வரும் செங்கால் நாரை தெற்கே குமரிக்கு வந்து, பின் வடக்கே திரும்பும் பறவை. பனிக்காலத்தில் இந்தியாவுக்கு வரும் செங்கால் நாரை இன்றும் அத்திசையில்தான் பறக்கிறது.

விருந்தாளியா?

"விருந்தாளிகள்" என்ற சொல்லையும் ஆராய வேண்டும். விருந்தாளி என்றால் நாலு நாள் தங்கிப் போகிறவர். உள்ளான்களில் பல ஆகஸ்டிலேயே வந்துவிடுகின்றன, ஏப்ரலில்தான் திரும்புகின்றன. சில இனங்களில் இளம் பறவைகள் முதல் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. வடக்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க இரண்டு மாதங்கள்; இங்கே வாழ்வதோ ஏழெட்டு மாதங்கள். இவற்றை விருந்தாளி என்று அழைத்தால் நம் பொறுப்பு இலேசாகிவிடுகிறது. வந்தன, பார்த்தோம், போயின என்று இருந்துவிடலாம். ஆண்டில் பெரும்பகுதி வாழும் வீடு என்று ஒப்புக்கொண்டாலோ, அந்த வீட்டின் நிலை என்ன என்று கேட்க நேரிடும்.

தவறான செய்தியின் விலை

ஒரு தகவல் பிழைக்கு இத்தனை கண்டிப்பா என்று நினைக்க வேண்டாம். பறவைகள் கூடு கட்டவே வருகின்றன என்று நம்பும் ஊர், அவற்றுக்கு மரமும் ஆழமான நீரும் வேண்டும் என்று முடிவு செய்கிறது. சதுப்பை ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் உயர்ந்த கரை எழுப்பி, நடுவில் மண் திட்டு அமைத்து மரம் நடுகிறார்கள். பார்ப்பதற்கு அழகான ஏரி கிடைக்கும். நாரைகளுக்கு அது உதவவும் கூடும். ஆனால் கொசு உள்ளானின் கால் மிகக் குட்டையானது. இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் அதனால் நின்று இரை தேட முடியாது. பவளக்கால் உள்ளானுக்குச் சற்று ஆழம் கூடலாம். குதிரைமலைக் கோட்டான் தன் நீண்டு வளைந்த அலகைச் சேற்றில் ஆழச் செலுத்திப் புழுவையும் நண்டையும் எடுக்கும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து நீரடியிலுள்ள விதைகளை மேயும். ஒவ்வோர் அலகுக்கும் ஒவ்வொரு காலுக்கும் ஏற்ற ஆழம் உண்டு. சரிவான கரையும் சேறும் இருந்தால்தான் இத்தனை ஆழங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும். செங்குத்தாக வெட்டிய கரை இவற்றில் பெரும்பாலானவற்றின் பந்தியை எடுத்துவிடுகிறது.

வெள்ளத்தைத் தேக்க இடம் வேண்டும் என்ற நகரத்தின் தேவை நியாயமானதே. அதற்காக ஆழப்படுத்தும்போது ஓரங்களைச் சரிவாக விட்டுவைப்பது கடினமன்று. முகத்துவாரத்திலும் இதே நிலைதான். மணல் திட்டு வாயை அடைத்துவிட்டால் கடல் நீர் ஏறி இறங்காது. சேறு ஒன்று மூழ்கியே கிடக்கும், அல்லது காய்ந்துபோகும்.

பள்ளிக்கரணையில் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே சதுப்பின் ஒரு பகுதிதான் பல்லாண்டுகளாக மாநகரத்தின் குப்பை மேடாக இருந்தது. சேறு என்றால் பயனற்ற நிலம் என்ற எண்ணமே அதற்குக் காரணம். அவ்வெண்ணத்தை மாற்றக்கூடிய செய்தி, மரத்து நாரையின் படத்தோடு நின்றுவிடுகிறது.

எண்ணிக்கை

கடைசியாக, அந்த "ஆயிரமாயிரம்". எந்தத் தேதியில், எந்த நேரத்தில், யார் எண்ணியது? முகத்துவாரத்தில் நீர் ஏறும்போது பறவைகள் எஞ்சிய மணல் திட்டில் நெருங்கி நிற்கும். நீர் வற்றும்போது பரந்து சிதறும். ஆறு மணி நேர இடைவெளியில் அதே கூட்டம் பெரிதாகவும் சிறிதாகவும் தோன்றும். நேரம் குறிக்காத எண்ணுக்கு மதிப்பில்லை. 1987 முதல் ஜனவரிதோறும் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் பொதுமக்கள் எண்ணிச் சேர்த்த விவரங்களால் ஆனவை. அவற்றில் நீங்களும் பங்கு கொள்ளலாம்.

நல்ல செய்திக்கு ஐந்து விவரங்கள் போதும்: பறவையின் பெயர், தேதியும் நேரமும், நீர் ஏறியதா வற்றியதா, எத்தனை பறவைகள், அவை என்ன செய்துகொண்டிருந்தன. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருந்தால் இதை நீங்களே எழுதலாம். அருகிலுள்ள ஏரிக்கோ கழிமுகத்துக்கோ பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று, ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் வரை குறித்து வாருங்கள். அடுத்த கார்த்திகையில் அந்தச் செய்தி மீண்டும் வரும்போது உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எது சரி, எது பிழை என்று காட்ட அந்த நோட்டே போதும். பிழை இருந்தால் அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதமும் எழுதிப் போடுங்கள்.