கேட்போர் யார்?

நூலுக்குப் பாயிரம் வகுக்கப் புகுந்த நன்னூலார், சிறப்புப் பாயிரத்தில் அமையவேண்டியனவாக எட்டுப் பொருள்களைக் கூறினார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள் என்பவற்றோடு கேட்போரையும் பயனையும் அவர் சேர்த்தெண்ணியமை சிந்தித்தற்குரியது. நூல் எவ்வெல்லையுள் வழங்கும், அதனைக் கேட்டற்குரியார் யாவர் என்பன நூல் முற்றிய பின்னர் எழும் விற்பனைக் கேள்விகளல்ல. நூலின் இலக்கணத்துள்ளேயே அடங்குவன என்பது நம் முன்னோர் கொள்கை.

இக்கால எழுத்தாளர்க்கு முகநூலும் வாட்சப்பும் எல்லையைப் பெரிதும் அகற்றித் தந்துள்ளன. ஹட்டனில் எழுதப்பட்ட கவிதையைக் கனடாவில் வாழ்பவர் அக்கணமே படிக்கின்றார். எல்லை விரிந்தது உண்மை, கேட்போர் பெருகினரா? முகநூலில் வெளிவரும் மலையகக் கவிதைகளைத் தொடர்ந்து படித்துவரும் எமக்கு ஓர் ஐயம் உண்டு. அவற்றைப் பாராட்டுவோர் பெரும்பாலும் தாமும் கவிதை எழுதுவோரே. கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணைப் பற்றிய கவிதையை அப்பெண்ணைத் தவிர ஏனையோர் யாவரும் படிக்கின்றனர். இக்குறைக்குக் கருவியைப் பழித்தல் எளிது. ஆனால் அது நேரிதன்று. இதனினும் வசதி குறைந்த காலத்திலே இவ்வினாவுக்கு விடை கண்டவர்கள் நம்மிடையே இருந்தனர்.

தஞ்சையிலிருந்து வந்து இலங்கையிற் பணியாற்றிய கோ. நடேசய்யர் 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். எவர்க்காக அவர் எழுதினாரோ அத்தோட்டத் தொழிலாளருட் பலர் எழுத்தறியாதவர். தோட்டத்துள் வெளியார் புகுதற்கும் தடையிருந்தது. புடவை வியாபாரியின் கோலத்தில் அவர் லயங்களுக்குட் சென்ற செய்தி அவர் வரலாற்றிற் பெரிதும் பேசப்படுவது. 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தொழிற்சங்கமும் அமைத்தார். பத்திரிகை செல்லவியலாத இடத்துக்குத் தாமே சென்றார் என்பதே ஈண்டு நாம் கருதவேண்டியது.

அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் இன்னும் ஒருபடி சென்றார். மக்கள் முன்னரே அறிந்த மெட்டுகளிற் பாடல் இயற்றி, தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்றுவந்த இந்தியர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ அக்காலத்து அவலத்தின் குரலாகும். இப்பாடல்களிற் செய்தி மேலோங்கிக் கவிநயம் பின்னடைகின்றது என்று குறை கூறுவாரும் உளர். அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் படிக்கத் தெரியாதவரைக் கேட்போராகக் கொண்ட படைப்பை, தாளிற் படிக்கும் கண்ணால் மட்டும் அளத்தல் முறையாகாது. தெரிந்த மெட்டு என்பது அவர்க்கு அணியன்று. மக்கள் செவிக்குட் செல்லும் வழி.

இதற்கு நேர்மாறான வழியிற் தொடங்கியவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அவர், தேயிலைத் தோட்ட வாழ்வை முதலில் ஆங்கிலத்திலேயே பாடினார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றவராக்கப்பட்ட சூழலில், ஆட்சியாளரும் உலகோரும் கேட்டற்குரிய மொழி அதுவே என அவர் கருதியிருத்தல் கூடும். அத்தேர்வைத் தவறென்று யாம் கூறோம். கேட்போரை அறிந்தே அவர் எழுதினார். எனினும் எவர் துயரைப் பாடினாரோ அவர் செவிக்கு அப்பாடல் எட்டவில்லை. சக்தீ பாலையாவின் தமிழாக்கம் பின்னரே வந்தது.

சி.வி.யின் பெருமை அவ்விடத்தில் நின்றுவிடாமையே. அவர் தமிழில் நாவல்கள் எழுதினார். தோட்டத்து மக்களின் தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாடல்களைச் செவிகொடுத்துக் கேட்டுத் திரட்டினார். 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவ்வுழைப்பின் பயன். கேட்போரைத் தேடிய எழுத்தாளர் தாமே கேட்போராக அமர்ந்தமை இந்நூலின் தனிச்சிறப்பாகும். பிறர் பாடலைக் கேட்டறியாதவன் பாட்டைப் பிறர் ஏன் கேட்கவேண்டும்?

இனி, நம் காலத்துக்கு வருவோம். பொகவந்தலாவையிற் கற்பிக்கும் எமக்கு மாணவரின் அன்னையர் வாட்சப்பில் எழுதி அனுப்புவது அரிது. குரற்பதிவாகவே பேசி அனுப்புகின்றனர். மலையிலிருந்து இறங்கி வரும்போது பேசிய அப்பேச்சிற் பழமொழியும் நகையும் சினமும் நிரம்பியுள. மீனாட்சியம்மாள் மேடைதோறும் சென்று நாடிய செவி இன்று ஒவ்வொரு லயத்திலும் கைபேசியருகே காத்திருக்கின்றது. நம் கவிஞரோ அதனை நோக்காது, சக கவிஞரின் விருப்பக் குறிகளை எண்ணிக் கொண்டிருக்கின்றனர்.

ஆதலின் இளம் எழுத்தாளர்க்கு யாம் கூறுவது சிலவே. எழுதியதை வாய்விட்டுப் படித்துக் குரலாகவும் அனுப்புக. காமன் கூத்தின் மெட்டும் கும்மியின் நடையும் நம் மக்கள் செவியில் இன்னும் வாழ்கின்றன, அவற்றைப் பயன்கொள்க. யாரைப் பற்றி எழுதினீரோ அவரில் ஒருவரேனும் கேட்டு, “இது சரியில்லை” என்று திருத்தும் வாய்ப்பை அளியுங்கள். பல்லாயிரவர் பாராட்டினும், அவ்வொருவர் கேளாத எழுத்துக்குப் பாயிரத்தின் ஓர் உறுப்புக் குறைந்தே நிற்கும்.