மாநாட்டு வாரமும் தொண்டைமானாற்றுப் படலையும்

எண்ணிமச் சொத்து என்பது கணினி வலையமைப்பொன்றின் பதிவேட்டில் மட்டும் இருந்து, கைமாறும் ஒவ்வொரு தடவையும் அதே பதிவேட்டில் குறிக்கப்படும் பெறுமதியாகும். பிட்கொயின் அதன் முதல் வடிவம். நாணயம் ஒன்றுக்கு ஒரு டொலர் வீதம் கையிருப்பு வைத்து வெளியிடப்படும் ஸ்டேபிள்கொயின் பின்னர் வந்த வடிவம். இத்துறை சார்ந்த நிதித்தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆண்டுதோறும் பெரிய மாநாடுகளில் கூடுகின்றன. அவற்றுள் ஒன்றான, 2015இல் நியூயோர்க்கில் தொடங்கிய ‘கொன்சென்சஸ்’ மாநாடு, 2025 மே மாதத்தில் ரொறன்ரோவில் நடந்தது. எல்லை கடந்து காசு அனுப்புவதை மலிவாக்குவோம் என்பது இந்நிறுவனங்கள் தம் தொழிலுக்குச் சொல்லும் நியாயங்களுள் முதன்மையானது. ஆகவே, வீட்டுச் செலவு முதல் ஆவணி மாதத்துச் செல்வச்சந்நிதித் திருவிழாவின் அன்னதானம் வரை புலம்பெயர்ந்தோர் அனுப்பும் காசு வந்து சேரும் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றின் பக்கத்தில் நின்று இம்மாநாட்டு வழக்கத்தை மதிப்பிடுவது முறையாகும்.

இவ்வழக்கத்தின் பயனைக் குறைத்துச் சொல்ல இயலாது. ஒரு நாட்டில் கொடுக்கப்படும் டொலர் இன்னொரு நாட்டில் ரூபாவாக வெளிவருவதற்கு நாணயத்தை வெளியிடுபவர், அதை மாற்றித்தரும் சந்தை, இருபக்கத்து வங்கிகள், அவற்றுக்கு மேலுள்ள ஒழுங்குமுறை அதிகாரிகள் என்று பலர் உடன்பட வேண்டும். கடிதத்தில் மாதக்கணக்காக இழுபடும் இவ்வுடன்பாட்டை நேரில் பேசிச் சில நாட்களில் தொடங்கிவிட முடிகிறது. 200 டொலர் அனுப்புவதற்கு உலக சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்பது உலக வங்கியின் கணக்கு. 2030க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. இந்த இடைவெளி ஏழைக் குடும்பங்களின் பையிலிருந்து போகும் காசு என்பதால், அதைக் குறைக்க உதவும் எந்தச் சந்திப்பும் வரவேற்கத்தக்கதே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மாநாட்டு மேடை நம்பிக்கையைச் சோதிப்பதில்லை, காட்சிப்படுத்துகிறது. 2022 ஏப்ரலில் எண்ணிம நாணயச் சந்தை நடத்திய எஃப்.டி.எக்ஸ். நிறுவனம் பஹாமாஸ் தலைநகர் நசாவில் ‘கிரிப்டோ பஹாமாஸ்’ என்ற மாநாட்டை இணைந்து நடத்தியபோது, அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்டனும் பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் டோனி பிளேயரும் அந்நிறுவனத் தலைவருடன் மேடையில் அமர்ந்திருந்தனர். ஏழு மாதம் முடிவதற்குள், நவம்பர் 11 அன்று, நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. வாடிக்கையாளர் பணத்தை மோசடி செய்த குற்றத்துக்காக அதன் நிறுவனருக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேடையில் யார் அமர்ந்தார் என்பது கணக்கேட்டில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சியாகாது. நேர்மையாக நடக்கும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும்: 2023 மார்ச்சில் சிலிக்கன் வேலி வங்கி முறிந்தபோது, ஸ்டேபிள்கொயின் வெளியிடும் சேர்க்கிள் நிறுவனத்தின் கையிருப்பில் 330 கோடி டொலர் அங்கு சிக்கியிருந்தது தெரியவர, ஒரு டொலராக நிற்க வேண்டிய அதன் நாணயம் 90 சதத்துக்கும் கீழே இறங்கி, சில நாட்களின் பின்னரே பழைய நிலைக்கு மீண்டது.

இவ்வகை மாநாடுகள் உரிய கவனம் செலுத்தாத போட்டியாளர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக இருக்கிறார். அது உண்டியல். ரொறன்ரோவில் ஒருவரிடம் டொலரைக் கொடுத்தால், தொலைபேசியில் தகவல் போய், ஊரில் இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையடியில் ரூபாத் தாள்களை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். எல்லை கடப்பது காசன்று, கணக்கு மட்டுமே. பற்றுச்சீட்டும் சட்டப் பாதுகாப்பும் இல்லாத இம்முறையைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் 2020இல் சுமார் 710 கோடி டொலராக இருந்த, வங்கி போன்ற முறைசார் வழிகளில் இலங்கைக்கு வந்த தொழிலாளர் பணவனுப்பல், வங்கி மாற்றுவீதம் 200 ரூபாவையொட்டிப் பிடித்து வைக்கப்பட்டு வெளிச்சந்தை வீதம் அதைத் தாண்டி ஓடிய பின்னர், 2022இல் ஏறத்தாழ 380 கோடியாகச் சரிந்தது. கிடைக்கும் ரூபா எவ்வளவு, கொண்டுவருபவர் தெரிந்தவரா என்ற இரண்டையும் பார்த்தே மக்கள் வழியைத் தெரிவுசெய்தார்கள். தொழில்நுட்பம் அங்கே கேள்வியாகவே இருக்கவில்லை.

எண்ணிம நாணயம் இலங்கையில் சட்டமுறையான செலாவணி அன்று. அதன் ஆபத்துகள் பற்றி மத்திய வங்கி பொதுமக்களைப் பலமுறை எச்சரித்துள்ளது. கைத்தொலைபேசிக்கு வந்த நாணயத்தைக் கொடுத்து மீனோ மருந்தோ வாங்க முடியாதென்பதால், அதை ரூபாவாக்கித் தர யாரோ ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். அனுமதி பெற்ற நிறுவனம் அவ்விடத்தில் இல்லையென்றால் அந்த ஒருவர் மறுபடியும் உண்டியல்காரரே. பல்லாயிரம் மைலை நொடியில் கடக்கும் பதிவேடு கடைசி அரை மைலில் பழைய கைகளையே நம்பி நிற்கிறது. மாநாட்டு வாரம் முதற்பகுதியைத் திரும்பத்திரும்ப விளக்கி, இக்கடைசிப் பகுதியை ஊர்க்காரர் தலையில் விட்டுவிடுவதுதான் அவ்வழக்கத்தின் பெருங்குறை.

ரொறன்ரோவிலோ வேறெங்கோ இத்தகைய மண்டபத்துக்குள் நுழையும் தமிழர்கள், காட்சிக்கூடம் போட்டிருக்கும் எந்த நிறுவனத்திடமும் மூன்றைக் கேட்க வேண்டும்: இன்று 200 டொலர் அனுப்பினால் தொண்டைமானாற்றில் கையில் எத்தனை ரூபா கிடைக்கும், கையிருப்பைச் சரிபார்த்த கணக்காய்வாளர் யார், காசு வந்துசேராவிட்டால் அங்குள்ள தாய் தமிழில் யாரிடம் முறையிடுவார். மூன்றுக்கும் எழுத்தில் விடை தராத நிறுவனத்தின் ஊடாக வீட்டுக் காசை அனுப்ப வேண்டாம்.