தியாகத்தின் கணக்கு: ஒரு பலியும் ஒரு பிடி அரிசியும்

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற யாரும் ஊட்டுப்புரையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கீழே ஒரு நீண்ட கூடம், மேலே ஒன்று. இரண்டிலுமாக இரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்டார்கள் என்பார்கள். சாப்பிட்டவர்கள் பிராமணர்கள். அரிசி யார் விளைவித்தது என்று யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கிறிஸ்தவ வழிபாட்டில் தியாகத்தின் இடம் என்ன என்று யோசிக்கும்போது எனக்கு முதலில் இந்தக் கூடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கொடுத்தது யார், கொடுத்தவர் என்று பேர் வாங்கியது யார்?

1750 சனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டை முழுவதுமாகப் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்தார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். தானம் கொடுத்த மறுநாளும் ஆண்டது அவர்தான். பத்மநாபதாசன் என்கிற பெயர் கூடியது. அரசனுக்கு எதிரானது இனி சாமிக்கும் எதிரானது என்றாயிற்று. எல்லாவற்றையும் கொடுத்து எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் ஒரு வழி இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

இரண்டாண்டு கழித்து, 14.1.1752ல், ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் அதே அரசின் ஆட்கள் ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றார்கள். நட்டாலத்தில் 1712ல் பிறந்த நீலகண்ட பிள்ளை. நாயர், அரண்மனை அலுவலர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு அரசரின் படையையே நடத்திய டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்தவர். 14.5.1745ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1749ல் கைது. எருமைமேல் உட்கார்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோனதும், அடித்ததும், காயத்தில் மிளகாய்ப் பொடி தேய்த்ததும் இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. குற்றம் மதமாற்றமா, ராஜதுரோகமா என்கிற விவாதம் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் தீரவில்லை. 2012ல் அவர் அருளாளர், 15.5.2022ல் புனிதர்.

ஃபூக்கோ தண்டனை பற்றிய தன் நூலை 1757ல் பாரிசில் தாமியன் என்பவன் சித்திரவதை செய்து கொல்லப்பட்ட காட்சியோடு தொடங்குகிறார். அரசன் தன் அதிகாரத்தைக் குற்றவாளியின் உடம்பில் எழுதுகிறான். ஊரைக் கூட்டி வாசிக்க வைக்கிறான். அதற்கு ஐந்தாண்டுக்கு முன்பே நாஞ்சில் நாட்டில் தேவசகாயத்தின் உடம்பில் இது எழுதப்பட்டது. ஆனால் எளிய மக்கள் அந்த எழுத்தைத் தலைகீழாக வாசித்தார்கள். அரசன் குற்றம் என்று எழுதியதைப் பலி என்று வாசித்தார்கள். அம்மானையாகவும் நாடகமாகவும் சொன்னார்கள். புலியூர்க்குறிச்சியில் அவர் முழங்கை பட்டுத் தண்ணீர் வந்த பாறை என்று முட்டிடிச்சான் பாறையில் இன்றும் கும்பிடுகிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை.

என் சிக்கல் வேறு இடத்தில். கதையைச் சொல்கிறபோது எதை அழுத்திச் சொல்கிறோம்? பெரிய உத்தியோகம், உயர்ந்த குலம், அரண்மனைச் செல்வாக்கு, அத்தனையையும் விட்டார். இழந்ததன் விலையை வைத்துத்தான் தியாகத்தின் எடை போடப்படுகிறது. தேவசகாயம் என்பது லாசர் என்கிற பெயரின் தமிழ். லூக்கா நற்செய்தியில் பணக்காரன் வாசலில் புண்ணோடு கிடக்கிற பிச்சைக்காரனுக்கும் அதே பெயர்தான். அந்தப் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை'யை ஒட்டவைத்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கும்பிட்டோம். எதிர்ப்பு எழுந்து, புனிதர் பட்டத்துக்கு முன்புதான் அது எடுக்கப்பட்டது. அவர் இறக்கிவைத்த சாதியை நாம்தான் தூக்கி மறுபடி அவர் தலையில் வைத்தோம்.

அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1872ல் எழுந்த கோவிலுக்கு ஒரே பீடம், இரண்டு நடுக்கூடம். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். கால்சட்டைக் கோவில் என்று ஜனங்கள் கேலி பேசினார்கள். 1910ல் தடுப்புச் சுவரை இடித்ததும் வேளாளர் தரப்பு வழக்குக்குப் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் உரிமையை ஏற்கவில்லை. கிறிஸ்துவின் பலி நடக்கிற அதே பீடத்தைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் உட்காருகிற இடத்தைக்கூட விட்டுக்கொடுக்க மனசில்லாமல் நாற்பது ஆண்டுக்குக் கிட்ட வழிபாடு நடத்த முடிந்திருக்கிறது. பலியை வணங்குவது வேறு, பலி கொடுப்பது வேறு.

இனி இழக்க எதுவும் இல்லாதவர்கள் பக்கம் வருவோம். 1822ல் இந்தக் கல்குளம், இரணியல் பக்கத்தில்தான் மேலாடை போட்ட நாடார் கிறிஸ்தவப் பெண்கள் தாக்கப்பட்டார்கள். 1823ல் பத்மநாபபுரம் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகச் சொன்னது. 1829ல் அரசு மறுபடி தோள்சீலையைத் தடுத்து, குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. 1859 வரை அடியும் கிழிப்பும் தொடர்ந்தன. இந்தப் பெண்களை நாம் தியாகிகள் என்று சொல்வதில்லை. ஏன்? அவர்கள் எதையும் விடவில்லை, ஒன்றைக் கேட்டார்கள். விட்டவனின் ரத்தம் பலி. கேட்டவளின் ரத்தம் கலகம். மேலே இருந்தவன் மதம் மாறினால் துறவு, கீழே இருந்தவள் மாறினால் ஆதாயம். சபைகள் மட்டும் இந்தக் கணக்கைப் போடவில்லை. வசதியான வீட்டைத் துறந்து வந்த தோழருக்கு நம் இயக்கங்களும் நினைவுக் கூட்டம் போடுகின்றன. துறக்க வீடே இல்லாத தோழர் கூட்டத்துக்கு நாற்காலி போடுகிறார்.

என் பாட்டி லண்டன் மிஷன் வழிவந்த சபைக்காரி. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவில் போடுவாள். பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். மரச்சீனிக் கிழங்கைத் தின்று ஒப்பேற்றிய நாட்களிலும், அரிசி வாங்கிய அன்றைக்கு அந்தப் பிடி தவறியதில்லை. கோயில் சுவரில் பளிங்கில் வெட்டிய உபயகாரர் பெயர்கள் உண்டு. பாட்டி பெயர் இல்லை.

மாற்கு நற்செய்தியில் இரண்டு காசு போட்ட விதவையை உதாரணம் காட்டித்தான் எங்க சபையில் காணிக்கைப் பிரசங்கம் நடக்கும். ஆனால் மாற்கில் அதற்குச் சற்று முன்பே, விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அடுத்த அதிகாரம் தொடங்கியதுமே அந்த ஆலயம் இடிந்துபோகும் என்கிறார். இந்த வரிசையில் வாசித்தால் அது காணிக்கைக்குப் பாராட்டா, ஒரு ஏழையின் பிழைப்பு உறிஞ்சப்படுவதைப் பார்த்த வேதனையா? வேதனை என்றுதான் படிக்கத் தோன்றுகிறது. எம்.ஏ. முடித்த திமிரில் ஒருநாள் இதைப் பாட்டியிடமே சொல்லிப்பார்த்தேன். உன்னை ஏமாத்திட்டாங்க பாட்டி என்றேன்.

முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஏமாத்துனா? கோயிலு எனக்க அரிசில கெட்டுனது மக்ளே. இந்த வீட்டுல எல்லாத்துக்கும் உனக்க பாட்டாகிட்ட கேக்கணும். அந்த ஒரு பிடி நான் யார்கிட்டயும் கேக்காம எடுத்தது."

என் வாசிப்பில் இதற்கு இடமே இல்லாமல் இருந்தது. அவள் இழப்பைப் பற்றிப் பேசவில்லை, உரிமையைப் பற்றிப் பேசினாள். மேலாடைக்காக அடிபட்டவர்களும் இதைத்தானே பேசினார்கள். கொடுக்கிற கை தன்னுடையது என்று ஒருத்தி உணர்கிற இடத்தில்தான் தியாகத்துக்கு அர்த்தம் வருகிறது. அதற்காக உறிஞ்சுகிற கணக்கு நியாயமாகிவிடாது. பளிங்குப் பலகையில் அவள் பெயர் இல்லாதது இல்லாததுதான். ஆனால் அவளைப் பலியாடாக மட்டும் பார்த்த என் விமர்சனமும் அவள் பெயரை எழுதவில்லை.

தேவசகாயத்தைக் கும்பிடுகிறவர்கள் அவர் எதை விட்டார் என்பதோடு, யாரோடு உட்கார்ந்தார் என்றும் சொல்லட்டும். எந்தச் சபைக் கல்லறைத் தோட்டத்தில், எந்தக் கமிட்டியில் இன்னும் சுவர் நிற்கிறதோ, அங்கே விடவேண்டியது என்ன என்று கேட்கட்டும். பிடி அரிசி போட்டவளிடம் இனியும் தியாகம் கேட்கவேண்டியதில்லை. கணக்கு நோட்டை அவள் கையில் கொடுத்தால் போதும்.