ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர் ஒலிபெயர்ப்பில் இனச்சொல்லின் ஈர்ப்பு: ஹைதராபாத் பகுதிப் பெயர்களை முன்வைத்து

1. தெலங்கானா ஊர்ப்பெயர்கள் தமிழ் இதழ்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் சீராக எழுதப்படுவதில்லை. ஹைதராபாத் நகரிலுள்ள நாம்பல்லி, கூகட்பல்லி ஆகியவை 'நாம்பள்ளி', 'கூகட்பள்ளி' எனவும் எழுதப்படுகின்றன. இம்மாற்றத்தின் காரணத்தையும் பொருத்தத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. காரணங்கள் இரண்டு. முதலாவது, பெயர்கள் தெலுங்கிலிருந்தன்றி ஆங்கில எழுத்துவழி பெறப்படுகின்றன. அவ்வெழுத்தில் லகர ளகர வேறுபாடோ குறில் நெடில் வேறுபாடோ புலப்படுவதில்லை. 'கொத்தபேட்ட' (புதுப்பேட்டை) 'கோத்தாபேட்' ஆவது இதனாலேயே. இரண்டாவது, இனச்சொல்லின் ஈர்ப்பு. தமிழில் குறிலை அடுத்து வரும் ளகரத்திற்குத் தெலுங்கில் இரட்டை லகரம் நேராக அமைகிறது: முள் - முல்லு, கள் - கல்லு, பள்ளம் - பல்லமு. பள்ளி - பல்லி இணையும் இவ்வகையதே. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) இவற்றை ஒரே பதிவில் தருகிறது. தமிழில் 'பல்லி' ஓர் உயிரியைக் குறிப்பதும் மொழிபெயர்ப்பாளரைத் தயங்கச் செய்கிறது.

3. எனவே 'பள்ளி' சொற்பிறப்பு நோக்கில் பிழையன்று. ஆயின் ஒலிபெயர்ப்பின் பணி வேர்காண்பதன்று. குறிக்கப்பட்ட இடத்தை ஐயமின்றிக் காட்டுவதே. ஆற்றுப்பெயர்களில் இது தெளிவாகிறது. தெலுங்கு 'ஏரு', தமிழ் 'ஆறு' (யாறு) இனச்சொற்கள். இதே நெறியைப் பின்பற்றினால் கிருஷ்ணையில் கலக்கும் பாலேரு 'பாலாறு' ஆகிவிடும். பாலாறோ, 1892ஆம் ஆண்டின் மதராஸ் - மைசூர் உடன்படிக்கை முதலாக நீர்ப்பங்கீட்டில் பேசப்படும் வேறோர் ஆறு. ஆவண மொழிபெயர்ப்பில் இக்குழப்பம் சிறிதன்று.

4. காளஹஸ்தியைத் தமிழர் 'காளத்தி' என்பதில்லையா என வினவலாம். அது பக்தி இலக்கியக் காலந்தொட்டு வழங்கிவரும் தமிழ்ப்பெயர். ருமேனியாவிலும் ஓர் ஆறு ருமேனியர்க்கு 'முரெஷ்', ஹங்கேரியர்க்கு 'மொரோஷ்'. இவ்விரு வடிவங்களும் அவ்வம்மொழி பேசுவோரின் நெடுநாள் வழக்கால் நிலைபெற்றவை. கூகட்பல்லிக்கு அத்தகைய தமிழ் வழக்கு இல்லை. 'கூகட்பள்ளி' எழுதுமேசையில் ஆக்கப்பட்ட வடிவம்.

5. ஆகவே, நெடுவழக்குடைய தமிழ்ப்பெயர்களைப் பேணுதல் வேண்டும். பிறவற்றைத் தெலுங்கு எழுத்தை நோக்கியே பெயர்த்தல் வேண்டும். இனச்சொல் உறவை அடிக்குறிப்பில் சுட்டலாம். 'பல்லி' பற்றிய அச்சம் தேவையற்றது. ஊர்ப்பெயரின் ஈற்றில் வரும் அச்சொல்லை உயிரியாகக் கொள்வார் இலர்.