கண்டெடுத்த பதிவுகளும் கடன் வாங்கிய அச்சமும்

திகில் திரைப்படங்களுள் ஒரு வகை, தான் திரைப்படமே அன்று என்று சாதிக்கிறது. சிலர் கேமராவுடன் ஒரு காட்டுக்குள் சென்றனர், திரும்பவில்லை, அவர்கள் எடுத்த பதிவு மட்டும் பின்னர் கிடைத்தது, அதையே நீங்கள் இப்போது பார்க்கிறீர்கள் என்பது அதன் வாதம். 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' என அழைக்கப்படும் இவ்வகையை நாம் 'கண்டெடுத்த பதிவு' என வழங்கலாம். இப்படங்கள் மெய்யாகவே அச்சமூட்டுகின்றனவா என்பதில் பார்வையாளர்கள் இரு அணியாகப் பிரிந்து நிற்கின்றனர். ஆடி அலையும் கேமராவால் தலைவலியே மிச்சம் என்பர் ஒரு சாரார். தம் உறக்கத்தை இவை போல் வேறெதுவும் கெடுத்ததில்லை என்பர் மறு சாரார். இரு சாராரும் அச்சத்தின் அளவைப் பற்றியே பேசுகின்றனர். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே முறை என்பது நம் கருத்து.

ஒரு செய்தி எவர் வழியாக வந்தது என்று கேட்பது நம் மரபுக்குப் புதிதன்று. இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த பின்னரே முஹத்திஸ்கள் ஒரு செய்தியை ஏற்றனர். கண்டெடுத்த பதிவுப் படங்களும் ஓர் இஸ்னாதுடனேயே தொடங்குகின்றன. டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் இருவரும் இயக்கி 1999 இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' இதற்குத் தக்க சான்று. 1994 அக்டோபரில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பர்கிட்ஸ்வில் என்னும் ஊருக்கு அருகிலுள்ள காட்டில் ஆவணப்படம் எடுக்கச் சென்ற மூன்று மாணவர்கள் காணாமற்போனதாகவும், ஓராண்டு கழித்து அவர்களின் பதிவு கிடைத்ததாகவும் தொடக்க வாசகம் கூறுகிறது. கண்டெடுத்தவர் யார், வெட்டித் தொகுத்தவர் யார் என்பதைப் படம் சொல்வதில்லை. முதல் அறிவிப்பாளர்கள் மறைந்துவிட்டனர். அடுத்தவரோ மஜ்ஹூல், அறியப்படாதவர். இத்தகைய தொடரை எந்த முஹத்திஸும் ஏற்றிருக்க மாட்டார்.

ஆயினும் அன்று பலர் நம்பினர். நம்பவைப்பதற்கான ஏற்பாடுகள் திரைக்கு வெளியே நடந்தன. நடிகர்கள் தம் சொந்தப் பெயர்களிலேயே நடித்தனர். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் 'காணவில்லை' அறிவிப்புகள் வழங்கப்பட்டன. இணையதளத்தில் புனையப்பட்ட காவல்துறை ஆவணங்கள் இடம்பெற்றன. நாயகியாக நடித்த ஹெதர் டொனஹூவின் தாயாருக்கு, மகள் உயிருடன் இருக்கும்போதே அனுதாப அட்டைகள் வந்து சேர்ந்தன. மிகச் சொற்பச் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டியது.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்வு இங்கு நினைவுக்கு வருகிறது. பயணம் ஒன்றில் தோழர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்த கயிற்றை மற்றவர் எடுக்க, அவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகுமானதன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது உணர்த்தினார்கள். திகில் படத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்குபவர் உறங்குபவர் அல்லர். அச்சத்தை விரும்பியே வருகிறார். ஆனால் மூன்று இளைஞர்கள் உண்மையிலேயே மாண்டுவிட்டனர் என்று நம்பவைக்கப்பட்டவரின் நிலை வேறு. அவர் இசைந்தது கதைக்கு. அவருக்குத் தரப்பட்டதோ பொய்ச் சாட்சியம்.

இதனால் இவ்வடிவமே பொய் என்று தீர்ப்பளித்தல் நியாயமாகாது. பஸ்ராவைச் சேர்ந்த அல்ஹரீரி (மறைவு 1122) தம் 'மகாமாத்' கதைகளை அல்ஹாரிஸ் இப்னு ஹம்மாம் என்னும் கற்பனை அறிவிப்பாளரின் பெயராலேயே தொடங்குகிறார். விலங்குகள் பேசும் நீதிக்கதைகளை எவரும் பொய்யென்று ஒதுக்குவதில்லை என்னும் கருத்துப்பட, தம் நூன்முகத்தில் அதற்கு நியாயமும் கூறுகிறார். புனைந்த இஸ்னாத் புனைவு என்று அறியப்படும்போது அது கலை மரபாகிறது. பிளேர் விட்ச் படத்தின் இரகசியம் வெளிப்பட்டபின் வந்தவை அனைத்தும் இந்த மரபுக்குள் அடங்குவனவே. ஆகவே நம் கேள்வியை இப்படித் திருத்திக்கொள்ளலாம்: பொய்யென்று அறிந்த பின்னும் எது நம்மை அச்சுறுத்துகிறது?

பிளேர் விட்ச் படத்தின் இறுதிக் காட்சியை நோக்குவோம். பாழடைந்த வீட்டின் நிலவறையில் நண்பன் ஒருவன் சுவர் மூலையைப் பார்த்தபடி அசையாது நிற்கிறான். கேமரா தரையில் விழுகிறது, படம் முடிகிறது. பேயுமில்லை, குருதியுமில்லை. படத்தின் தொடக்கத்தில் ஊரார் சொன்ன ஒரு செய்தியைக் கேட்டிராதவருக்கு இக்காட்சியில் எதுவுமே இல்லை. குழந்தைகளை இருவர் இருவராகக் கொன்ற ஒருவன், ஒரு குழந்தையைக் கொல்லும்போது மற்றதை மூலையைப் பார்த்து நிற்கவைத்தான் என்பதே அச்செய்தி. அசட்டையாகக் கேட்டுவிட்ட ஒரு சொல், ஒரு மணி நேரம் கழித்து நம் நினைவிலிருந்து எழுந்து வருகிறது. இந்த அச்சத்துக்கு எந்த விளம்பர மோசடியும் தேவைப்படவில்லை.

ஓரன் பெலி இயக்கிய 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' (2007) இன்னும் எளிமையானது. ஏறத்தாழ 15,000 டாலர் செலவில், சான் டியாகோவிலிருந்த இயக்குநரின் வீட்டிலேயே எடுக்கப்பட்டது. அதன் இரவுக் காட்சிகளில் கேமரா நடுங்குவதேயில்லை. தாங்கியில் நிலையாக நின்று ஒரு படுக்கையறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திரையின் மூலையில் நேரம் ஓடுகிறது. கதவு சிறிது அசைகிறது. உறங்கிக்கொண்டிருந்த பெண் எழுந்து, கட்டிலருகே மணிக்கணக்கில் நின்றுகொண்டேயிருக்கிறாள். எங்கே பார்க்கவேண்டும் என்று இயக்குநர் நமக்குச் சுட்டுவதில்லை. அதனால் நாமே காவற்காரராகி, திரையின் ஒவ்வொரு மூலையையும் துழாவுகிறோம். அச்சம் நம் கண்ணுழைப்பிலிருந்தே பிறக்கிறது.

இவற்றைப் பின்பற்றியோர் பலர் எடுத்துக்கொண்டது நடுக்கத்தை மட்டுமே; அடக்கத்தை அன்று. உயிர் போகும் வேளையிலும் கேமராவைக் கீழே போடாத பாத்திரத்தைக் கண்டு அஞ்சுவதற்குப் பதிலாக எரிச்சலுறுகிறோம். அடக்கம் இல்லாதபோது இவ்வடிவம் எங்கு சென்று முடியும் என்பதற்கு இத்தாலிய இயக்குநர் ருகெரோ டியோடாட்டோவின் 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' (1980) சாட்சி. அதன் கொலைகள் மெய்யெனக் கருதப்பட்டு, நடிகர்கள் உயிருடனிருப்பதை இயக்குநர் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. ஆனால் மனிதக் கொலைகள் பொய்யானபோதும், படத்தில் விலங்குகள் கொல்லப்பட்டது மெய். ஒரு பொய்யை நம்பவைக்க வாயில்லா உயிர்கள் பலியாயின. அப்படத்தைப் பார்க்கும்போது எழுவது அச்சமன்று, அருவருப்பே.

எனவே நம் விடை இது. ஏமாற்றினால் விளைந்த அச்சம் ஒரு கோடைக்காலத்துக்கு மேல் நிலைக்கவில்லை. மறைத்துக் காட்டுவதால் விளையும் அச்சம் இன்றும் வலுவாகவே நிற்கிறது. எனினும் இருவகை அச்சத்துக்கும் மூலதனம் ஒன்றே: அருகிருந்து கண்டவர் பொய் சொல்லமாட்டார் என்னும் மனித நம்பிக்கை. இப்படங்கள் அதைக் கடனாகப் பெற்றுள்ளன.

அக்கடன் எவருடையது என்பதை அண்மைக்காலம் நமக்குக் காட்டியது. 2024 ஜனவரி 29 அன்று காஸா நகரில், கொல்லப்பட்ட உறவினர்களிடையே காருக்குள் சிக்கியிருந்த ஹிந்த் ரஜப் என்னும் சிறுமி, பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கத்தாரிடம் தொலைபேசியில் உதவி கேட்ட குரல் பதிவாயிற்று. 12 நாட்களுக்குப் பின்னரே அவள் உடல் கிடைத்தது. மீட்கச் சென்ற ஆம்புலன்ஸ் பணியாளர் இருவரும் கொல்லப்பட்டிருந்தனர். துனீசிய இயக்குநர் கவ்தர் பின் ஹனியா அந்த மெய்க்குரலையே வைத்து எடுத்த படம், 2025 இல் வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது. நடிகர்கள் செம்பிறைச் சங்கத்தாராக நடிக்கின்றனர். கதை பெரும்பாலும் அவர்களின் அலுவலகத்துக்குள்ளேயே நிகழ்கிறது. கொலை நடந்த இடம் நம் காதுக்கு எட்டுகிறது, கண்ணுக்கு எட்டுவதில்லை.

காஸாவிலிருந்து வந்த நடுங்கும் கைப்பேசிப் பதிவுகளைக் கண்டு, இவை நடிப்பு என்று எளிதாகத் தள்ளிவிட்ட குரல்களையும் நாம் கேட்டோம். அவ்வாறு தள்ளுவது ஆராய்ச்சி ஆகாது. தீர விசாரித்தலை நம் மரபு வலியுறுத்தியது மெய்ச் சாட்சியைக் காப்பதற்காகவே. அதைக் காணாதிருக்க ஒரு சாக்காக அன்று. திகில் படத்தை அணைத்தபின் விளக்கைப் போட்டு, அது கதைதானே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். அந்தச் சிறுமியின் குரலைக் கேட்டவருக்கு அந்த ஆறுதல் இல்லை. சாட்சியம் ஓர் அமானிதம். அதைக் கடன் வாங்கும் கலை, அதன் மதிப்பைக் குறைக்காமல் திருப்பித் தரக் கடமைப்பட்டுள்ளது.